இச்சிக்கு மூன்று தொட்டிகள்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஓர் இச்சி மரம் இருக்கிறது. உயரம் 42 சென்டிமீட்டர். அடுத்த தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, கைப்பிடிச் சுவர் வெடிப்பில் காக்கை எச்சத்திலிருந்து முளைத்துக் கிடந்ததைச் செங்கல்லோடு பெயர்த்துக்கொண்டு வந்தேன். நர்சரிக்காரர் பார்த்துவிட்டு பைகஸ் என்றார். அம்மா இச்சி என்றாள். வீட்டில் இச்சிதான் நிலைத்தது. பதினோரு வருஷமாக அதைப் போன்சாயாக வளர்க்கிறேன். முதல் நான்கு வருஷம் ஒரு பழைய பிளாஸ்டிக் பேசினில் கிடந்தது. அதற்குப் பிறகு மூன்று வருஷம், மாடிக்கு வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துச் சொன்னது ஒன்றுதான்: "தொட்டி எங்க வாங்கினீங்க?"

ரொம்ப நாள் அதைப் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தொட்டி மயில் கழுத்து நீலம். ஊறுகாய் ஜாடி போலக் கண்ணாடிப் பூச்சு, செவ்வக வடிவம், 45 சென்டிமீட்டர் நீளம், 13 சென்டிமீட்டர் ஆழம். ஒரு செடிக் கண்காட்சியில் பார்த்து, விலையைக் கேட்டு நகர்ந்து, ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பி வந்து வாங்கினேன். காலை வெயில் அதன் மேல் பட்டால் எதிர்ச் சுவரில் ஒரு வெளிச்சப் பட்டை ஆடும். அதில் உட்கார்ந்திருந்த இச்சி, குளிப்பாட்ட அண்டாவில் இறக்கிவிட்ட குழந்தை மாதிரி இருந்தது. எனக்குத்தான் அது தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் கொடுத்த காசு ஒத்துக்கொள்ள விட்டிருக்காது.

போன்சாய் என்ற சொல்லிலேயே பாதி தொட்டிதான். ஜப்பானிய மொழியில் 'போன்' என்றால் ஆழமில்லாத தட்டு, 'சாய்' என்றால் நடுவது. மரமும் தொட்டியும் ஒன்றுக்கொன்று இசைந்திருப்பதற்கு அவர்கள் 'ஹாச்சி உத்சுரி' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஹாச்சி என்பது தொட்டி. உத்சுரி என்பது ஒன்றில் ஒன்று பிரதிபலிப்பது. நாம் பொருத்தம் என்று சொல்லிவிடலாம். எனக்கு இதை விளக்க நாகஸ்வரக் கச்சேரிதான் வசதி. ஒத்து ஊதுகிறவரை யாரும் தனியாகக் கவனிப்பதில்லை. அவர் நிறுத்தினால் காதுக்கு ஏதோ குறைகிறது. அவரே நாயனத்தை மீறி ஊதினால் கச்சேரி போச்சு. என் நீலத் தொட்டி மூன்று வருஷம் நாயனத்தை மீறி ஊதிக்கொண்டிருந்தது.

சரி, அளவுக்கு வருகிறேன். போன்சாய்க்காரர்கள் எல்லாரும் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. தொட்டியின் நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. மரம் உயரத்தைவிட அகலமாகப் படர்ந்திருந்தால் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு. தொட்டியின் ஆழம், அடிமரம் மண்ணைத் தொடும் இடத்தில் எவ்வளவு தடிமனோ அவ்வளவு. என் இச்சியின் படர்ச்சி 51 சென்டிமீட்டர், அடிமரம் 7. அப்படியானால் 34 நீளம், 7 ஆழம். நான் வாங்கியிருந்ததோ 45, 13. டேப்பை மரத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். நான் தொட்டியை மட்டும்தான் அளந்தேன், அதுவும் ஸ்கூட்டரில் வைக்க முடியுமா என்று பார்ப்பதற்காக.

இந்தக் கணக்குக்கும் விதிவிலக்குகள் உண்டு. மலைச்சரிவில் தொங்குவது போல வளர்க்கும் மரத்துக்கு ஆழமான, குறுகலான தொட்டி வேண்டும். பார்வைக்கு மட்டுமில்லை, கனம் கீழே இல்லாவிட்டால் மரம் தொட்டியோடு குப்புற விழும். பல கன்றுகளைக் கூட்டமாக நட்டுக் காடு மாதிரி செய்கிறவர்கள் தாம்பாளம் போன்ற அகலத் தட்டையோ, தட்டைப் பாறைத் துண்டையோ எடுத்துக்கொள்வார்கள். ஒல்லியாக, உச்சியில் மட்டும் நாலு இலை வைத்துக்கொண்டு நிற்கும் மரத்துக்குச் சின்ன வட்டத் தொட்டி போதும்.

வடிவமும் நிறமும் இதைவிடச் சிக்கல். அடிமரம் பருத்து நிமிர்ந்து நின்றால் கூர்முனை உள்ள செவ்வகம். வளைந்து நெளிந்து போனால் நீள்வட்டம். பைன் மாதிரி ஊசியிலை மரங்களுக்குப் பூச்சில்லாத பழுப்பு. இலை உதிர்ப்பவற்றுக்கும் பூப்பவை காய்ப்பவற்றுக்கும் பூச்சுள்ள வண்ணத் தொட்டி. ஜப்பானியர்கள் இதை ஆண்மை உள்ள மரம், பெண்மை உள்ள மரம் என்று பிரித்து அதற்கேற்பத் தொட்டி சொல்வார்கள். எனக்கு அந்தப் பிரிவினை ஒட்டவே இல்லை. ஆலமரம் ஆணா பெண்ணா என்று கேட்டால் நான் என்ன சொல்வது? மரப்பட்டையின் நிறத்தையும், இலையும் பூவும் காயும் என்ன நிறத்தில் வரும் என்பதையும் பார்த்தால் எனக்குப் போதுமாக இருக்கிறது. இச்சிக்குச் சாம்பல் பட்டை, கரும்பச்சை இலை. பூ கண்ணுக்குத் தெரியாது, காய்க்குள்ளேயே ஒளிந்திருக்கும். நீலத்துக்குப் பதில் சொல்ல அந்த மரத்தில் ஒன்றுமே இல்லை.

இதைக் கண்டுபிடித்தது ஒரு கல்யாணப் பத்திரிகையால். எங்கள் வீட்டில் பழைய பத்திரிகைகளைத் தூக்கிப் போடமாட்டார்கள், பீரோ மேல் அடுக்கி வைப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றிலிருந்து அரக்கு, சந்தனம், கரும்பச்சை, பழுப்பு என்று நாலைந்து நிறத்தில் கெட்டி அட்டைகளை எடுத்துத் தொட்டி வடிவத்தில் வெட்டினேன். பெரியதற்கு இரண்டு பத்திரிகையை ஒட்ட வேண்டியிருந்தது. வெள்ளைச் சுவர் முன்னால் மரத்தை வைத்து, மண்விளிம்பு வரை நீலத் தொட்டியைப் பழைய வேட்டியால் மறைத்து, அட்டைகளை ஒவ்வொன்றாக முன்னால் சாத்திவிட்டு ஆறடி தள்ளி நின்று பார்த்தேன். பழுப்பு நீள்வட்டத்தைச் சாத்தியபோது அடிமரத்து வேர்கள் திடீரென்று கண்ணில் பட்டன. மூன்று வருஷமாக அதே இடத்தில் இருந்த வேர்கள்தான். சந்தன நிறமும் மோசமில்லை, கொஞ்சம் சோகையாக இருந்தது. அட்டை செலவில்லாதது, தைரியமாகத் தப்பு செய்யலாம். யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான். பொருத்தம் பார்க்கக் கல்யாணப் பத்திரிகையைவிட வேறு என்ன வேண்டும் என்று வீட்டில் கிண்டல் செய்தார்கள்.

அப்புறம்தான் இரண்டாவது தொட்டி. அதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

இணையத்தில் வாங்கினேன். பழுப்பு, நீள்வட்டம், பூச்சில்லை, 34 சென்டிமீட்டர். எல்லாம் அட்டையில் பார்த்தபடியே. ஆழம் 5 என்று போட்டிருந்தது. இரண்டு சென்டிமீட்டர் குறைந்தால் இன்னும் நளினமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த 5 வெளி அளவு என்பது பெட்டியைப் பிரித்த பிறகுதான் உறைத்தது. கால்களின் உயரமும் அடித்தட்டின் கனமும் போக, உள்ளே மண்ணுக்கு மிஞ்சியது மூன்றே சென்டிமீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால் கொள்ளளவு ஒன்றரை லிட்டரைக் கொஞ்சம் தாண்டும். ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் மண்ணில் ஒரு மரம். நட்டபின் பார்க்க அவ்வளவு அழகு. ஆனி மாதம் நட்டேன், படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன்.

ஆடி பிறந்ததும் முதல் அடி. அம்மியே பறக்கும் என்கிறார்கள், ஒன்றரை லிட்டர் மண் எந்த மூலைக்கு? கீழே தட்டையாக, மேலே பாய்மரம் போல இலைக்கொத்து. காற்று ஒரே தூக்கில் மரத்தைத் தொட்டியிலிருந்து உருவிக் கைப்பிடிச் சுவரோரம் போட்டிருந்தது. அதிலிருந்து ஒரு பாடம் வந்தது. தொட்டியின் அடியில் வடிகால் துளைகளைத் தவிரக் கம்பி கோத்துக் கட்டுவதற்கென்று சிறு துளைகளும் வேண்டும். வேரைத் தொட்டியோடு கம்பியால் கட்டாத மரம் நட்ட மரமே ஆகாது.

ஐப்பசி மழையில் அடுத்தது. நாலு நாள் விடாத மழை. வடிகால் துளைகள் அடைக்கவில்லை, தண்ணீர் தேங்கியும் நிற்கவில்லை. ஆனாலும் இலை மஞ்சளாகிக் கொட்டியது. தூக்கிப் பார்த்தால் அடி வேரெல்லாம் கறுத்து, சாக்கடை வாடை.

ஏன் என்று புரிய எனக்கு ஒரு பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு தேவைப்பட்டது. நீங்களும் செய்து பார்க்கலாம். புது ஸ்பாஞ்சை முழுக்க நனைத்து, பிழியாமல், படுக்கை வாட்டில் இரண்டு விரல் நுனியில் பிடியுங்கள். சொட்டும், சொட்டும், பிறகு நின்றுவிடும். இனி வடியாது என்று தோன்றும்போது அதையே நெட்டுக்குத்தாகத் திருப்பிப் பிடியுங்கள். மறுபடியும் ஒழுகும். அதே ஸ்பாஞ்சு, அதே தண்ணீர். நுண்துளைகள் அடிப்பகுதியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீரை விடாமல் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஸ்பாஞ்சு உயரமாக நின்றால் அந்த ஈர அடுக்கு அதில் ஒரு சின்னப் பங்கு. படுத்தால் ஏறக்குறைய முழு ஸ்பாஞ்சும் அதுவே. தொட்டி மண்ணும் அப்படித்தான். ஆழமான தொட்டியில் கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டர் சொதசொதவென்று இருந்தாலும் மேலே வேர் மூச்சு விட இடம் உண்டு. என்னுடையதில் மொத்தமே மூன்று சென்டிமீட்டர். அதிலும் நான் போட்டிருந்தது நர்சரிச் செம்மண். மண் துகள் எவ்வளவு பொடியோ அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும்.

மழை போனதும் கொஞ்சம் தேறிற்று. அடுத்து கத்திரி வெயில். மதுரை மாடி, சித்திரைக் கடைசி. காலை ஏழு மணிக்கு ஊற்றிய தண்ணீர் பதினோரு மணிக்கு இல்லை. மழையில் வடியவில்லை என்று அழுக வைத்த அதே தொட்டி, வெயிலில் நாலு மணி நேரம் தாங்கவில்லை. ஒரு நாள் திருமண வீட்டுக்குப் போய்விட்டு மாலையில் திரும்பினால் இலை சருகாக நொறுங்கியது. பத்து மாதம்தான் அந்தத் தொட்டியில் இருந்தது. இச்சி என்பதால் பிழைத்தது. சுவர் வெடிப்பில் பிறந்த உயிர், லேசில் போகாது.

அந்தக் கோடையில்தான் ஜப்பான் விதிகளைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கத் தொடங்கினேன். போன்சாய்த் தொட்டிக்குப் பேர்போன ஊர் தோக்கொனாமே, ஐச்சி மாகாணத்தில். ஜப்பானின் ஆறு பழம்பெரும் சூளை ஊர்களில் ஒன்று. தேநீர்க் கூஜாவும் போன்சாய்த் தொட்டியும் செய்த அதே ஊர், ஒரு காலத்தில் சாக்கடைக்குச் சுட்ட மண் குழாய்களையும் செய்து அனுப்பியது என்பது எனக்குப் பிடித்த தகவல். சீனத்தில் யீசிங். அங்கிருந்து பழங்காலத்தில் கடல் கடந்து போன தொட்டிகளை ஜப்பானில் 'கோவதாரி', அதாவது பழைய கடப்பு, என்று சொல்லிப் பொக்கிஷமாக வைத்திருக்கிறார்கள். 1934-இல் தொடங்கி தோக்கியோவின் உவேனோவில் நடந்துவரும் கொக்குஃபூ கண்காட்சிக்காகவே மரத்தை ஒரு நல்ல தொட்டிக்கு மாற்றி எடுத்துவருகிறவர்களும் உண்டு. கல்யாணத்துக்குப் பட்டு கட்டுவது போல.

இந்தத் தொட்டிகள் எல்லாம் 1,100, 1,200 டிகிரி வெப்பத்தில் கல் போலச் சுட்டவை. தண்ணீரை உறிஞ்சாது. உறிஞ்சினால் அங்கே குளிர்காலத்தில் அந்த ஈரம் உறைந்து, விரிந்து, தொட்டி செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும். போன்சாய்க்கு மட்டமாகச் சுட்ட மண் தொட்டி ஆகாது என்ற விதிக்கு இது பெரிய காரணம். மதுரையில் எப்போது ஐயா பனி உறைந்தது? இங்கே நம் பிரச்சினை சூடு. அதற்கு நம்மிடம் தண்ணீர்ப் பானை இருக்கிறது. சுவர் வழியாகக் கசிந்து, ஆவியாகி, உள்ளே இருப்பதைக் குளிர்விக்கும் அதே வேலையை ஒரு மண் தொட்டி வேருக்கும் செய்யுமே என்று தோன்றியது.

பாண்டிச்சேரிப் பக்கம் போனால் உயர்சூட்டுத் தொட்டிகளும் கிடைக்கும். 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் அங்கே தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியிலிருந்து கிளைத்த மரபு அது. டெபோரா ஸ்மித் ஜப்பானின் பிஸெனில் தொழில் கற்றவர். மரம் நன்றாக அமைந்துவிட்டவர்கள் அங்கே போய்ச் சொல்லிச் செய்துகொள்ளலாம். நான் பஸ் ஏறியது மானாமதுரைக்கு.

மானாமதுரை என்றால் கடம். அந்த ஊர் மண்பாண்டங்களுக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நான் தேடிப்போன வேளார் கடம் செய்கிறவர் இல்லை. அடுப்பு, அகல், பொங்கல் பானை செய்கிறவர். என் பழுப்பு அட்டையை நீட்டி, நீளம் 34, உள்ளாழம் 6 என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது தட்டா, தொட்டியா தம்பி?"

"ரெண்டுக்கும் நடுவுல, ஐயா. மரம் வைக்க."

"மரமா? இதுலயா?" என்றார். போனில் இச்சியின் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "காஞ்சா சுருங்கும், சுட்டா இன்னும் சுருங்கும். பத்துக்கு ஒண்ணு போயிரும்னு வச்சுக்கங்க. 38-க்கு எடுத்தாத்தான் உங்க 34 நிக்கும்" என்றார்.

சக்கரத்தில் நீள்வட்டம் வராதே, என்ன செய்யப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வட்டமாகவே எடுத்தார், அகலமான தாழ்ந்த சட்டி மாதிரி. நிழலில் வைத்து, மண் இறுகி, ஆனால் வளையும் பதம் வந்ததும், அடித்தட்டின் நடுவில் மாவிலை வடிவத்தில் ஒரு வில்லையைக் கம்பியால் அறுத்து எடுத்தார். பிறகு இரண்டு உள்ளங்கையையும் வெளிச்சுவரில் வைத்து, குழந்தையின் கன்னத்தை அழுத்துவது போல மெதுவாக நெருக்கினார். இலை வடிவப் பிளவு மூடிக்கொண்டது, வட்டம் நீண்டது. ஈரமண் குழம்பைப் பிளவில் தேய்த்துக் கட்டை விரலால் இரண்டு பக்கமும் இழுத்துவிட்டார். தையல் எங்கே இருந்தது என்று இப்போது நான் தேடினாலும் கிடைக்காது. சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு மூன்று வடிகால் துளைகள், கம்பிக்கு நான்கு சிறு துளைகள், நாலு மூலையில் நாலு உருண்டைக் கால்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்று: வாய் உள்பக்கம் மடங்கக் கூடாது. பானைக்கு வாய் குறுக்குவது அவர் கைப்பழக்கம். போன்சாய்க்கு அது வில்லங்கம். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வேர்க்கட்டியை அப்படியே வெளியே தூக்க வேண்டும், வாய் குறுகினால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

சூளையிலிருந்து எடுத்தபோது 34.5 இருந்தது. உள்ளே மூன்றரை லிட்டர் கொள்கிறது, முந்தைய தட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல். இந்த முறை செம்மண் போடவில்லை. செங்கல்லை உடைத்துச் சலித்து, தூளைத் தள்ளிவிட்டு, மிளகுக்கும் பட்டாணிக்கும் இடைப்பட்ட துண்டுகளை எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் கரி, கொஞ்சம் மக்கிய எரு. துளைகளுக்கு நைலான் வலை. வேரைக் கம்பியால் இறுக்கிக் கட்டி, தளத்தில் வைக்காமல் மரப் பலகை மேல் வைத்தேன்.

முதலில் நிறம் உறுத்தியது. புதுச் செம்பழுப்பு, ஓடு மாதிரி. பழைய தொட்டி போலக் காட்ட எண்ணெய் தடவலாம் என்று எங்கோ படித்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினேன். எறும்பு வந்ததுதான் மிச்சம். இரண்டு வருஷ வெயிலும் எங்கள் போர் தண்ணீரின் உப்பும் சேர்ந்து அந்த வேலையைச் செய்தன. இப்போது விளிம்பில் சாம்பல் பூத்து, கால்களுக்கு மேல் பாசி நிறம் ஏறி, மரப்பட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கிறது. கத்திரியில் தினம் இரண்டு வேளை தண்ணீர், மழையில் ஒன்றுமே வேண்டாம்.

மாற்றி நட்ட ஆறாம் வாரம் அம்மா துணி எடுக்க மாடிக்கு வந்தாள். "என்னப்பா, இச்சி இம்புட்டு வளந்துருச்சு?" என்றாள். வேரை வெட்டியதற்கு ஈடாகக் கிளைகளையும் வெட்டியிருந்தேன். மரம் முன்னைவிட மூன்று சென்டிமீட்டர் குட்டையாகத்தான் இருந்தது.

நீலத் தொட்டி ரொம்ப நாள் மாடிப்படி அடியில் காலியாகக் கிடந்தது. போன வருஷம், நர்சரியில் கழித்துப் போட்டிருந்த ஆரஞ்சு நிறக் காகிதப்பூச் செடி ஒன்று கிடைத்தது. தடித்த அடி, ஒரு பக்கமாகக் கீழே வழியும் கிளை. அட்டை வெட்டும் வேலையே இல்லை, தொட்டி கையில் இருந்ததால் தொட்டியையே வைத்துப் பார்த்தேன். கிளை வழிந்ததால் ஆழம் உதவியது. பங்குனியில் ஒரே பூவாகப் பூத்து நீலத்தின் மேல் கொட்டியது. பக்கத்து வீட்டு அக்கா கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, "இந்தப் பூவுல எனக்கு ஒரு குச்சி வெட்டிக் குடுங்க தம்பி" என்றார். தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. குச்சியை அவர் ஒரு பெயிண்ட் வாளியில் நட்டிருக்கிறார். நன்றாகத் துளிர்த்திருக்கிறது.